காதில் விழுந்த பெயர்

பென்சில்வேனியாவின் அந்த நிலக்கரி ஊரில், நோரீன் கெராட்டி பதினோரு வருடமாக வியாழன் காலைதோறும் ஆவண அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த முப்பாட்டன் மார்ட்டின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நீலக் கோட்டுப் பட்டாளத்துச் சிப்பாயாம். அதற்குச் சாட்சியில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். பட்டாளத்து எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதிவிட்டு, கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போடச் சொல்வார்கள். கேரிட்டி, கார்ட்டி, ஜெராட்டி என்று எல்லா விதமாகவும் தேடிவிட்டாள்.

"உங்க சிப்பாய் இன்னைக்கும் சிக்க மாட்டாரும்மா," என்று சிரித்தபடி வருகைப் பதிவேட்டை நீட்டினாள் எழுத்தர் வாண்டா. நாளுக்கொரு பக்கம். தவறிப்போய், போன வியாழனின் பக்கத்தைத் திறந்திருந்தாள்.

அதில் நோரீனின் கையெழுத்துக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி. தேடும் பெயர், 'மோரின் காரெட்'. பக்கத்தில் 'இல்லை' என்ற முத்திரை.

"யாருடி இது?"

"நீங்க போனப்புறம் வர்ற ஒரு கிழவர். இந்த ஜூலை வெயில்லயும் நீலக் கம்பளிக் கோட்டு. தன் வம்சத்துல ஒரு பொண்ணைத் தேடுறாராம். அவர் பேச்சு எனக்கு எங்கே புரியுது? காதுல விழுந்ததை எழுதி வெச்சேன்."

நோரீன் பின்னால் புரட்டினாள். ஒவ்வொரு வியாழனும் அவளுக்குக் கீழே அதே குறி. நோரா கெரட், லோரீன் கார்ட்டி, டோரீன் கேரி. எல்லாவற்றுக்கும் அதே முத்திரை.

"இன்னைக்கு வருவாரா?"

"இல்லம்மா. போதும்னுட்டார். அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லபோலன்னு சொல்லிட்டுப் போனார்."