வேரைக் கழுவியவள்

பூவாத்தாளின் தக்காளிச் செடிகள் ஈரம் காயாத மண்ணிலேயே தினமும் உச்சிவெயிலில் துவண்டு விழுந்தன. கணவன் இறந்தபின் அவள் தனியாகச் செய்த முதல் வெள்ளாமை அது. "பொம்பளைக்கு நேரத்துக்குத் தண்ணி கட்டத் தெரியல" என்று நாற்று விற்ற சென்னியப்பன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அது காதுக்கு வந்த அன்று அவள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. செடியும் கையுமாக நேரே அவருடைய நாற்றுப்பண்ணைக்கு நடந்தாள். அங்கே நாலைந்து பேர் நாற்றுக்கட்டுகளோடு நின்றிருந்தார்கள்.

"இது வேர்ல முடிச்சுப் போடற நூற்புழுங்க. உங்க நாத்துலதான் வந்துருக்குது."

சென்னியப்பன் வேரைப் பார்க்கவே இல்லை. "உங்க மண்ணுல இருக்கறதுக்கு நான் என்னம்மா பண்றது? தண்ணி கட்டத் தெரியாம என்ற நாத்தக் கொறை சொல்லாதீங்க."

அவள் பாத்தியில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் அலசினாள். மெல்லிய வேரில் கடுகளவு முடிச்சுகள் தெரிந்தன. இன்னொன்றைப் பிடுங்கினாள். அதிலும் இருந்தன.

"பாத்திய மிதிக்காதீங்க!" என்று கத்தினார் அவர்.

"எம் பூமிக்குள்ள இதக் கொண்டாந்து உட்டுட்டீங்களே, இனி எத்தன வருசம் நான் இதோட மல்லுக்கட்டறது?" அவள் நான்காவது நாற்றை அலசிக்கொண்டிருந்தாள். "ஊரெல்லாஞ் சொன்னீங்கல்ல? இப்ப இவங்க முன்னால சொல்லுங்க."

அவர் வாயைத் திறக்குமுன், நின்றிருந்தவர்களில் ஒருவர் தன் நாற்றுக்கட்டை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

"இதையும் கொஞ்சம் கழுவிப் பாருங்கக்கா."