குதிரைகள் வரட்டும்

போதகர் டீலெமன் வாயைத் திறந்ததும் மேல்மாடத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

லத்தீன் சங்கீதம். அவர் குரலை உயர்த்தினால் கன்னியர் இன்னும் உயர்த்தினார்கள். அவர் மூச்சு வாங்கினால், அந்த இடைவெளியில் மரச்செருப்பால் தரையைத் தட்டினார்கள்.

லூத்தரின் புதுப் போதனையை இந்தக் கத்தோலிக்கக் கன்னிமடத்துக்குள் கொண்டுபோகச் சொல்லி அவரை அனுப்பியவர் அந்த நாட்டுப் பிரபு. ஞாயிறுதோறும் இதே கூத்துதான். போன வாரம் தணலில் கோழி இறகைப் போட்டுப் புகைத்தார்கள். இருமி இருமியே ஜெபத்தை முடித்தார்.

அத்தனை பெரிய கோயிலில், கீழே கேட்பதற்கென்று இருந்தது அவர் மனைவி வொப்கே மட்டும்தான். ஊர்க்காரர்கள் புகைக்குப் பயந்து வாசலோடு நின்றுவிட்டார்கள்.

இன்றைக்கு அவருக்குப் பிரசங்கம் முக்கியமில்லை. ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். வேதப்புத்தகத்தை மூடிவிட்டுக் கத்தினார்.

"தாய்மாரே, கொஞ்சம் காது குடுங்க! நீங்க புது வழிக்கு வரலைன்னா கூரை ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துட்டு, கோயிலைக் குதிரை லாயமாக்கப் போறார் பிரபு!"

பாட்டு நின்றது. மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்து மடத்துத் தலைவி இல்ஸெபெயின் குரல் வந்தது.

"ஆக்கட்டுமே ஐயா. குதிரைங்க பிரசங்கமாவது பண்ணாது."

மேலே கொல்லென்று சிரிப்பு. உடனே பாட்டு, முன்னைவிடப் பலமாக.

டீலெமனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பிரபுவிடம் கொஞ்ச நாள் தவணை வாங்கி வந்திருந்தார். அதைச் சொல்லக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

மேடைக் கட்டையை ஓங்கிக் குத்தினார். கைதான் வலித்தது.

கீழே பார்த்தார். வொப்கே தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தனக்காக அழுகிறாள் என்று நினைத்துப் படியிறங்கி அருகே போனார்.

அழவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மேலே பாடிய அதே சங்கீதம், தாழ்ந்த சுருதியில், ஒரு சொல் பிசகாமல்.

அவர் நிழல் தன்மேல் விழுந்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

"வேணும்னு இல்லைங்க, வாய் தானா பாடுது."

மாடத்தை அண்ணாந்து பார்த்தார்.

தடுப்பின் இடுக்கில் கன்னியரின் வரிசை தெரிந்தது. நடுவில் ஓர் இருக்கை மட்டும் காலி. போன அறுவடைக்கு முன், முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொள்ள வொப்கே எழுந்து வந்த இடம் அது.

அங்கே இதுவரை யாரையும் அவர்கள் உட்கார விடவில்லை.