வால் இருந்தபோது போட்ட பாட்டு

குளக்கரையில் சில்வண்டுகளின் சின்னக் கச்சேரிக் குழு ஒன்று இருந்தது. புதிதாகப் பாட்டுப் போடுகிறவர்களின் பாட்டை மட்டும்தான் வாசிப்போம் என்று அவற்றுக்கு ஒரு வீம்பு.

இந்த மழைக்கு ஒரு தலைப்பிரட்டையின் பாட்டை எடுத்துக்கொண்டன. ஒத்திகை முடிவதற்குள் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, வால் போய், அது தவளையாகிவிட்டது.

கச்சேரியன்று மாலை அது பதறிக்கொண்டு தாவி வந்தது.

"அதை வாசிச்சுடாதீங்க! வால் இருந்தப்ப சும்மா நெளிஞ்சு நெளிஞ்சு போட்டது. முன்வரிசையில பெரிய தவளைங்கல்லாம் உட்கார்ந்திருக்காங்க, மானம் போயிடும். கனமா வேற ஒண்ணு தர்றேன்."

"கனமா போடுறதுக்கு நிறைய பேர் இருக்காங்க," என்றது தலைமைச் சில்வண்டு. "நாங்க வாக்குக் கொடுத்தது வால்காரனுக்கு. நீ போய் உட்காரு."

வாசிப்பு தொடங்கியது. பாட்டு நெளிந்தது, வழுக்கியது, திடீரென்று திரும்பி ஓடியது. குட்டித் தவளை கண்ணை இறுக மூடிக்கொண்டது.

யாரும் சிரிக்கிற சத்தம் கேட்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தது. முன்வரிசை முழுவதும் பின்புறத்தை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருந்தது.

"என்ன பெரியப்பா பண்றீங்க?"

"தொந்தரவு பண்ணாதடா," என்றது பக்கத்திலிருந்த கிழத் தவளை. "வாலை ஆட்டிக்கிட்டிருக்கேன்."