சத்தம் போடுகிற மெஷின்

"இருக்கிறதிலேயே பெருஞ்சத்தம் போடுற மெஷின்தான் வேணும்னு உங்கம்மா ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க! தொட்டியில பவளம் வளர்க்கிறது நீங்களா, அவங்களா?"

ரவ்ஷான் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். அல்மாத்தி நகரத்து மீன் கடையில், உப்புநீர்த் தொட்டிகளுக்கு நடுவே, அவள் கணவன் சன்ஜார் திருதிருவென்று விழித்தான். கல்யாணமான புதிது. இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாது.

வீட்டுத் தொட்டியின் பழைய மெஷின் சத்தமில்லாமல் ஓடி, சத்தமில்லாமலே நின்றுபோயிருந்தது. இன்றைக்கு மாற்றாவிட்டால் பவளம் தாங்காது.

கடைக்காரருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"பாருங்கம்மா, ரெண்டும் செய்யிற வேலை ஒண்ணுதான். தண்ணியில இருக்கிற அழுக்கை நுரையாப் பொங்க வெச்சு வெளியில தள்ளும். இது தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள்ள உக்காந்துக்கும், மூச்சு விடாது. அது தொட்டி முதுகுல தொங்கும். பழைய மாடல். நாள் முழுக்கக் களகளன்னு கத்தும்."

"அதையே கட்டுங்க" என்றாள் மாமியார் குல்யாஷ்.

"அம்மா, தொட்டி உன் கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருக்கு!"

"இருக்கட்டும்டா. சத்தமில்லாத மெஷின் செத்தது யாருக்காவது தெரிஞ்சுதா? இது கத்துற வரைக்கும் மீனு உசிரோட இருக்குன்னு அர்த்தம்."

கடைக்காரர் பெட்டியைக் கட்டினார்.

மாமியாருக்குக் காதா அது! இரண்டே அறை வீடு. ஹாலில் அவள் கட்டில், அடுத்தாற்போல் சமையலறை. ஸ்பூன் விழுந்தால், "என்னம்மா உடைஞ்சுது?" பெருமூச்சு விட்டால், "என்னம்மா குறை உனக்கு?" பிறந்த வீட்டுக்குப் போன் பேச வேண்டுமென்றால் ரவ்ஷான் கோட்டை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய், பனியில் விரல் விறைக்க நிற்பாள்.

'மருமக வந்த நாள்லேருந்து தூக்கம் போச்சுன்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் ஒப்பாரி வைக்கத்தான் இந்த ஏற்பாடு' என்று வழியெல்லாம் மனதுக்குள் பொருமினாள்.

சாயங்காலம் மெஷின் ஓடத் தொடங்கியது. பெரிய கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுபோல் வீடே களகளத்தது.

ரவ்ஷான் போனை எடுத்துக்கொண்டு கோட்டைத் தேடினாள். கொக்கியில் இல்லை. மாமியார் மடியில் இருந்தது.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஒண்ணுமில்ல அத்தை... எங்கம்மாகிட்ட..."

"இந்தப் பனியிலயா? சமையல்கட்டுல உக்காந்து பேசு. இந்த இரைச்சல்ல எனக்கென்ன கேக்கப்போகுது? அழு, சிரி, என்னைத் திட்டு. நான் புதுசா வாழ வந்தப்போ மாட்டுக்கொட்டில்ல போய் அழுவேன். பாவம், உனக்கு இங்க மாடுகூட இல்லையே!"

ரவ்ஷான் போனோடு சமையலறைக்குள் போனாள்.

அம்மாவிடம் கொட்ட வேண்டுமென்று சேர்த்து வைத்திருந்த புகார்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நல்லா இருக்கேம்மா. நிஜமாவே நல்லா இருக்கேன்" என்றாள், அழுதுகொண்டே.

அந்த நேரம் பார்த்து சன்ஜார், மீனுக்குத் தீனி போட மெஷினை நிறுத்தினான். வீடு கப்சிப். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. ரவ்ஷானின் விசும்பலும்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலை எட்டிப் பார்த்தாள். நாலடி தள்ளி, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் நின்றதே தெரியாதவள்போல் மாமியார் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எங்கம்மாகிட்ட நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்!"

ஸ்பூன் விழுந்தாலே திரும்பும் தலை, திரும்பவில்லை.