வில்லை பொறுக்கும் லோத்தார்

"பாருங்க, மறுபடியும் குனியறான்!"

சியாமளா கணவரின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

வாசுதேவன் பார்த்தார். சுடுவதை நிறுத்தச் சொல்லிச் சிவப்பு விளக்கு எரிந்ததும் எல்லோரும் இலக்கு அட்டையை மாற்ற நடந்தார்கள். லோத்தார் மட்டும் பாதி வழியில் குனிந்து, வாசுதேவன் சுட்ட இடத்துக்கு எதிரே கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

கார்ல்ஸ்ரூஹே என்ற ஜெர்மன் நகருக்கு வெளியே உள்ள துப்பாக்கி கிளப் அது. வாசுதேவனுடையது பழைய ரகத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணி வில்லையில் ஈயக் குண்டைப் பொதிந்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். சுட்டால் குண்டு அட்டைக்குப் போகும். துணி வில்லை பத்தடி தள்ளித் தரையில் விழும்.

எவ்வளவு மருந்து, எவ்வளவு தடிமனில் துணி என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அவரவர் சுட்டுச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தவரிடம் அந்த அளவைக் கேட்பது கிளப்பில் வழக்கமில்லை. சம்பளத்தைக் கேட்பதைவிட அநாகரிகம்.

"கேக்கக் கூடாதுன்னு வேவு பாக்கறான்" என்றாள் சியாமளா.

"என் குண்டே அங்க ஒண்ணு இங்க ஒண்ணா விழுது. இதுல வேவு பாக்க என்ன இருக்கு?"

"நீங்க எவ்வளவு தூரம் தேறிட்டீங்கன்னு பாக்கத்தான். டீம்ல காலியா இருக்கறது ஒரே இடம். ஒண்ணு நீங்க, இல்ல அவன். வேற எதுக்கு ஒரு மனுஷன் உங்க குப்பையைப் பொறுக்கணும்?"

 ஏழு வருடமாக அந்தக் கிளப்பின் கோடை விருந்துக்கு அடுப்புக்கரி மூட்டை தூக்குகிறவர் வாசுதேவன். ஒரே ஒரு தடவை அந்தப் பச்சை நிற டீம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அதற்காக எக்செல்லில் நாற்பத்தொரு வரிசை எழுதிவிட்டார். வீட்டில் குக்கர் விசிலை எண்ணத் தெரியாதவர், மருந்தை கிரெயின் என்ற நுணுக்கமான எடைக் கணக்கில் அளந்தார். இரண்டு தலையணை உறை, ஒரு வேட்டி, சியாமளாவின் காட்டன் துப்பட்டா எல்லாம் வட்ட வட்டமாகப் போய்ச் சேர்ந்தன. குண்டுகள் மட்டும், பேச்சுவார்த்தை அறுந்துபோன சொந்தக்காரர்கள் மாதிரி, அட்டையில் தள்ளித் தள்ளியே உட்கார்ந்தன.

"எக்செல்லை மூடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் சியாமளா.

அன்று சாயங்காலமே ஒரு கிழிந்த உறையை வில்லை வில்லையாக வெட்டி, மெழுகுவத்தியில் காட்டிக் கருக்கி, நடுவில் விரலால் குத்தி ஓட்டை போட்டாள். அடுத்த சனிக்கிழமை அட்டை மாற்றும் சாக்கில் கூடவே நடந்து, கீழே கிடந்த நிஜ வில்லைகளை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு, கருகியதைத் தூவினாள்.

"எதுக்கு இது?"

"கருகினதைப் பாத்து, நீங்க ஒண்ணுக்கும் ஆகமாட்டீங்கன்னு நெனச்சு அவன் மெத்தனமா இருக்கட்டும்."

"அதுக்கு இவ்வளவு கஷ்டப்படணுமா? என் அட்டையைப் பாத்தாலே போதுமே."

சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை. லோத்தார் குனிந்தார். ஒரு வில்லையை எடுத்தவர் அதைக் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். சியாமளாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மூன்று வாரம் இப்படியே நடந்தது.

டீம் தேர்வு நாளன்று லோத்தார் துப்பாக்கி இல்லாமல் வந்தார். கையில் ஒரு சின்னத் தகர டப்பா.

"வாசு, இதைப் போட்டுச் சுடு. மருந்துல அஞ்சு கிரெயின் குறைச்சுக்கோ."

"தொடாதீங்க" என்று சியாமளா தமிழில் பல்லைக் கடித்தாள். "கடைசி நேரத்துல உங்களைக் கவுக்கப் பாக்கறான்."

டப்பாவுக்குள் நெருக்கமாக நெய்த லினன் துணி. எல்லாம் ஒரே அளவு வில்லைகள், பதமாகத் தேன்மெழுகு தடவியவை. வாசுதேவனுக்கு முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாது. ஒத்திகைக்கு மூன்று குண்டு உண்டு. அதில்தானே என்று சுட்டார்.

மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன.

பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. பத்துக் குண்டில் நூற்றுக்கு எண்பத்தெட்டு. கிளப் தலைவர் வந்து கை குலுக்கி, ஜாக்கெட் என்ன அளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

"நீங்க சுடலையா?" என்று வாசுதேவன் லோத்தாரைக் கேட்டார்.

"நானா? என் பேரை ரெண்டு மாசம் முன்னாடியே பட்டியல்லேருந்து அடிக்கச் சொல்லிட்டேன். கண்ணுல புரை. அட்டை ரெண்டாத் தெரியுது."

"அப்போ அந்த வில்லைகளை..."

"நீ அட்டையில இருக்கற ஓட்டையைத்தான் பாக்கறே, கீழ விழுந்த துணியைப் பாக்கறதே இல்லை. விஷயமெல்லாம் அதுலதான் இருக்கு. உன்கிட்ட கேக்கவும் கூடாது. அதான் பொறுக்கிக்கிட்டுப் போய்ப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். ஓரமெல்லாம் நூல் நூலாப் பிரிஞ்சிருந்தது. துணி லேசு, மருந்து ஜாஸ்தி. சரி, சொல்லிடலாம்னு இருந்தப்ப, திடீர்னு எல்லாம் கருகி, நடுவுல ஓட்டை! மூணு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. கடைசியில எங்க வீட்டு மேஜை விரிப்பை வெட்டி, என் துப்பாக்கியிலயே சுட்டுப் பாத்தேன். கருகலை. அப்புறம்தான் நிம்மதி."

வாசுதேவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோத்தார் சியாமளாவிடம் நெருங்கி வந்து, அக்கறையோடு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூணு வாரத் துணியை எந்தக் கடையில வாங்கினீங்க? இனிமே அங்க போகாதீங்கம்மா. வெளிநாட்டுக்காரங்கன்னு உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க."