சாம்பியனுக்கு நேரே ஃபைனல்

கோட்டுக்கு உள்ளே விழுந்த ஷட்டிலைக் காட்டி, "அவுட்" என்றார் வீரராகவன் சார்.

நடுவர் நாற்காலியில் இருந்த ஸ்டோர்ஸ் பார்த்திபன் சாரின் முகத்தைப் பார்த்தான். கோட்டைப் பார்க்கவேயில்லை. அவனும் "அவுட்" என்றான்.

பத்தொன்பது, பத்தொன்பது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி அது. சரக்குக் கொட்டகையைக் காலி செய்து, மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டு, ஆண்டுவிழா இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வீரராகவன் புரொடக்‌ஷன் மேனேஜர். இரண்டு வருடமாக அவர்தான் சாம்பியன். சாம்பியன் மற்றவர்களைப் போல முதல் சுற்றிலிருந்து ஆடவேண்டியதில்லை, நேரே ஃபைனலுக்கு வரலாம் என்பது விதி. விதியை எழுதியவரும் அவரே.

மூன்றாம் முறையும் ஜெயித்தால் சுழற்கோப்பை அவருக்கே சொந்தம். வீட்டு ஷோகேஸில் மனைவியின் பொம்மைகளை அப்புறப்படுத்தி, நடுத்தட்டைத் துடைத்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

எதிரே நாகமுத்து. பழவேற்காட்டுப் பக்கத்து ஆள், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கான்ட்ராக்ட் ஆள் என்பதற்கு அடையாளமாக மஞ்சள் ஹெல்மெட் போட்ட யாரையும் சார் முகம் பார்த்துப் பேசியதில்லை. இவனையும் இன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறார். கான்ட்ராக்டை நீட்டுவதும் நிறுத்துவதும் சாரின் கையில் இருக்க, பயல் இவ்வளவு தூரம் இழுக்கிறானே என்று அவருக்கு எரிச்சல்.

அதுவும் பேட்டை இடதுகையில் பிடித்துக்கொண்டு.

"பீச்சாங்கையால ஆடிக்கினு என்னையே ஓடவுடறியா? இரு, வர்றேன்" என்றார் சார், எல்லோருக்கும் கேட்கும்படி.

கொட்டகையே சிரித்தது. கேன்டீன் கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் ஜோக்குக்கு இப்படி ஒரு மவுசு இருந்ததாக சாருக்கு நினைவில்லை.

இந்த நக்கலையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது ஒரு ஜப்பான் பேட்மின்டன் தொடரில். யாராவது கார்ட்டூன் என்றால் முகம் சுளித்து, "அனிமே" என்று திருத்துவார். அதில் ஒரு சாம்பியன் பெண். எதிராளி ஆடும்போது கொட்டாவி விடுவாள். ஷட்டில் தரையைத் தொடும் முன்பே முதுகைக் காட்டி நடப்பாள். தோற்றவள் நீட்டிய கையைத் தொடமாட்டாள். பார்க்கிறவர்கள் அவளை வெறுக்கவேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லா பாகங்களையும் பார்த்து முடித்தும் அது சாருக்குப் பிடிபடவில்லை.

போன வாரம், அவள் ஒரு சோதா ஆட்டக்காரியை ஆட்டம் முழுக்க வைத்து விளையாடும் காட்சியைக் கேன்டீனில் தன் போனில் சத்தமாகப் போட்டுக் காட்டினார். கையில் தட்டோடு எட்டிப் பார்த்த கூட்டத்தில் மஞ்சள் ஹெல்மெட்டுகளும் இருந்தன.

இப்போது சாரும் ஒரு கொட்டாவி விட்டார். மூச்சு வாங்கியதில் அது பாதியிலேயே இருமலாகிவிட்டது.

இன்னொரு "அவுட்". அடுத்தது, நாகமுத்து அடித்த ஷட்டில் நெட்டிலேயே விழுந்தது.

ஆட்டம் முடிந்தது. நாகமுத்து நெட்டருகே வந்து கையை நீட்டினான். சார் அந்தக் கையைத் தொடாமல், முதுகைக் காட்டி நடந்தார். அந்தப் பெண் நடப்பது போலவே நடந்தார். பின்னால் விசில் பறந்தது.

பரிசளிப்பு முடிந்ததும் கோப்பையைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, விழுந்துவிடப் போகிறதே என்று சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். அப்புறம்தான் துண்டை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனார்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்த நாலைந்து பேர் கொட்டகையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாகமுத்து எகிறி ஓர் அடி அடித்தான். ஷட்டில் எப்போது வந்து மூலைக்கோட்டில் விழுந்தது என்றே சாருக்குத் தெரியவில்லை.

"உள்ளதான் மச்சான், உன்து பாயின்ட்டு!" என்று கத்தினான் எதிரில் நின்ற அன்புசெல்வன். பாயின்ட்டை விட்டவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பேட் நாகமுத்துவின் வலதுகையில் இருந்தது.

கேன்டீனில் போட்டுக் காட்டிய அந்தக் காட்சியிலும் அந்தப் பெண் பேட்டைக் கை மாற்றித்தான் பிடித்திருப்பாள். சோதாவுக்கு இது போதும் என்பாள். அந்த இடத்தில் போனை நிறுத்தி, எதற்குச் சிரிக்கவேண்டும் என்று கேன்டீனுக்கே விளக்கியவர் சார்தான்.

துண்டை எடுக்காமலே திரும்பினார்.

முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு கோப்பை உட்கார்ந்திருந்தது. இனி அது அவருக்கே சொந்தம். திருப்பிக் கொடுப்பதற்கு அவர் விதி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.