தார்ப்பாயின் தொப்பை

மலைக்காட்டில் முகாம் போட வந்த இருவர், தார்ப்பாயின் மூன்று மூலைகளை மரங்களில் கட்டினார்கள். நான்காவது பக்கம் மரம் இல்லை. அங்கே ஒரு கம்பை நட்டு, மூலையை அதன் உச்சியில் மாட்டி, கயிற்றை இழுத்துத் தரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டினார்கள். நாலு மூலையும் ஒரே உயரம். தார்ப்பாய்க்கு அதில் பரம திருப்தி.

மதியமே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழுந்தது. பாரமெல்லாம் கயிறு வழியாக வந்து முளைக்குச்சியின் கழுத்தை இழுத்தது.

“அண்ணே, இந்த ஒரு மூலையைக் கொஞ்சம் இறக்கிக்குங்களேன். தண்ணி தானா ஓடிடும்” என்றது முளைக்குச்சி.

“நான் எங்கேயும் தாழ்ந்து போனதில்லை. கீழே ரெண்டு பேர் நனையாம டீ போடறாங்களே, யாராலே?” என்றது தார்ப்பாய்.

காலடி மண் சேறாகியும் முளைக்குச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

மழை வலுத்தது. தார்ப்பாயின் ஓரத் தையல் பட்டென்று விட்டது. “ஐயோ, கிழியறேனே!” என்று அது அலறியதும் முளைக்குச்சி பிடியை விட்டது. கம்பு சாய்ந்தது, மூலை இறங்கியது, தேங்கிய தண்ணீரெல்லாம் வெளிப்பக்கமாகக் கொட்டிப் போயிற்று.

மழை விட்டதும் தார்ப்பாய் மரங்களிடம் சொன்னது: “சமயம் பார்த்து எப்படித் தாழ்ந்து கொடுத்தேன், பார்த்தீங்களா? அந்தப் பக்குவம் எல்லாருக்கும் வராது.”

இருவரில் ஒருவர் கல்லோடு வந்தார். “நிக்கத் துப்பில்லாத குச்சி” என்று முளைக்குச்சியின் தலையில் இரண்டு அடி கூடுதலாகவே போட்டு, மூலையைப் பழைய உயரத்துக்கே ஏற்றிக் கட்டினார்.

வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.